மொத்தம்: ஏழு

நல்ல குரல் அவருக்கு, அதுதான் தொந்தரவு. கடுகடுவென்று பேசியிருந்தால் நானும் கடுகடுவென்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். இவர் சாப்பிட்டாச்சா மேடம் என்று ஆரம்பித்தார், உங்கள் சாஃப்ட்வேர் வந்தபிறகுதான் எங்கள் கடையில் ஒரு ஒழுங்கே வந்திருக்கிறது என்றார், வெயில் உங்கள் ஊரிலும் இப்படித்தானா என்று விசாரித்தார், அதற்கப்புறம்தான் மெல்ல விஷயத்துக்கு வந்தார். "லிஸ்ட்ல ஆறுதான் இருக்கு மேடம். கீழ மொத்தம் ஏழுன்னு போட்டிருக்கு. மூணு மட்டம் எண்ணிட்டேன். ஒண்ணு எங்க போச்சு?" பார்த்துச் சொல்கிறேன் சார் என்றேன். அது வாயில் தானாக வருகிற வாக்கியம், பதினோரு வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம். சொல்லிக்கொண்டே அந்தப் பக்கத்தைத் திறந்தேன், கீழே பார்த்தேன், மொத்தம் ஏழு என்று இருந்தது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு நாலு ஊரில் கிளை வைத்திருக்கும் ஒரு ஜவுளிக்கடைக்கு நாங்கள் செய்து கொடுத்த குறைகேட்புப் பக்கம் அது. கடையில் வேலை பார்க்கும் யாரும் கைபேசியில் அதைத் திறந்து தன் குறையை எழுதலாம், மின்விசிறி ஓடவில்லை, சாம்பாரில் புழு, உட்கார ஸ்டூல் இல்லை. மாடி மேலாளர் தன் மாடியில் எழுதப்பட்டதைப் பார்த்துப் பதில் போடுவார். ஆனால் குறையே அந்த மேலாளரைப் பற்றியது என்றால் அவருக்கு அது தெரியாது, மதுரையில் இருக்கும் விசாரணைக் குழுவுக்கு மட்டும் போகும். அப்படித் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. பேசியவர் மாதவராஜ், தென்காசிக் கிளையின் இரண்டாம் மாடி, சேலைப் பிரிவு மேலாளர், அவருக்குக் கீழே இருபத்திரண்டு பெண்கள். அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தி அவரைப் பற்றி எழுதியிருக்கிறாள். அதை அவர் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது, ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்று என் பக்கமே அவரிடம் சொல்லிவிட்டது. "ஒண்ணும் அவசரமில்ல மேடம்" என்று சிரித்தார். "நாலு மணிக்கு டீக்கு விடுவோம்லா, அப்ப பிள்ளைகள வரிசையா நிறுத்தி நானே கேட்டுக்கிடுதேன், ஏழாவது யாரு எழுதுனதுன்னு. மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிரும்." அப்போது மணி இரண்டு இருபது.

இரண்டு இருபதுக்கு எந்த மனுஷிக்கும் மூளை ஓடாது. பாளையங்கோட்டை வெயிலில் சுவரே காய்ந்து கிடக்கிறது, எங்கள் அலுவலகம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றின் மாடி, கீழே மைதானத்தில் ஒரு பழைய கார் பின்னால் வருகிறது, நிற்கிறது, முன்னால் போகிறது, மறுபடி பின்னால் வருகிறது, கிளச்ச மெதுவா விடுங்கக்கா, மெதுவா, மெதுவா என்று வாத்தியார் ஒரே சுருதியில் சொல்லிக்கொண்டிருக்கிறார், யாரோ ஒரு அக்கா மெதுவாக விடாமல் கார் குலுங்கி நின்றுபோகிறது. அந்தச் சத்தத்தில் கண் சொக்கும். சொக்குகிற கண்ணுக்குள் வரிகள் வந்தன. கணினிக்குள் எல்லாம் வரிகள்தான், ஒரு குறை ஒரு வரி, எழுதியவர் எண், தேதி, மாடி, யாரைப் பற்றி, என்ன. ஆளுக்கொரு பூட்டிய அறை உள்ளே இருக்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள், அறையெல்லாம் இல்லை, ஒரே கூடம், கல்யாண மண்டபத்தில் ராத்தங்கியவர்களைப் போல எல்லா வரியும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கின்றன. மின்விசிறி வரி, புழு வரி, அவளுடைய வரி. யாராவது வந்து கேட்கும்போது இவருக்கு இதைக் காட்டு, இதைக் காட்டாதே என்று வாசலில் நின்று நான் சொல்கிறேன். நான் என்றால் நான் எழுதிய ஒரு நிபந்தனை. கேட்பவர் இந்த மாடியின் மேலாளர் என்றால் இந்த மாடியின் வரிகளைக் கொடு, அதிலும் 'யாரைப் பற்றி' என்ற இடத்தில் அவர் பெயரே இருக்கிற வரியை விட்டுவிடு. அவ்வளவுதான், ஒன்றரை வரிகூட வராது, எழுதி முடித்த அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை, வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், அவர் தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறவர், பேப்பரைவிட்டுத் தலையைத் தூக்காமல், அப்ப உனக்கு எல்லாம் தெரியுமோ என்று கேட்டார். தெரியும். எனக்கு நிபந்தனை கிடையாது, எந்தக் கடையின் எந்த வரியையும் நான் பார்க்கலாம். பார்ப்பதில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கைபேசியில் பேசி அழும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறோமே, அந்த மாதிரி திரும்பிக்கொள்கிறேன், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானாக வைத்துக்கொண்டது.

ஏழு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை, எனக்குத் தெரியும், அதுதான் வெட்கம். ஒரு பக்கத்தைத் திறந்தால் கணினியிடம் இரண்டு கேள்வி போகும். வரிகளைக் கொடு என்று ஒன்று, மொத்தம் எத்தனை என்று இன்னொன்று. இரண்டிலும் அந்த நிபந்தனை இருந்தது. போன ஐப்பசியில் பக்கம் திறக்க நேரமாகிறது என்று கடைக்காரர்கள் புலம்பினார்கள், பார்த்தால் இரண்டாவது கேள்விதான் காரணம், ஒவ்வொரு தடவையும் கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. நான் மகா கெட்டிக்காரி இல்லையா, மாடிக்கு ஓர் எண்ணை முன்கூட்டியே எண்ணி ஓரமாக எழுதிவைத்து, யார் கேட்டாலும் அதையே எடுத்துக் கொடுக்கும்படி மாற்றிவிட்டேன். பக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது, எங்கள் முதலாளி ஞானதுரை சார் எல்லோருக்கும் மாதுளை ஜூஸ் வாங்கிக் கொடுத்தார், என்னைக் காட்டி முப்பிடாதி கையில் மந்திரம் இருக்கிறது என்றார், நான் ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டு சிரித்தேன், அந்த ஜூஸில் சர்க்கரை கூட. மாடிக்கு ஓர் எண் போதும் என்று நினைத்தபோது ஆளுக்கு ஆள் அந்த எண் மாறும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அப்போது மேலாளர்களைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை, அதனால் எண்ணும் வரியும் மாதக்கணக்கில் சரியாகவே இருந்தன, சரியாக இருக்கிற ஒன்றை யார் திறந்து பார்ப்பார்கள். எங்கள் தொழில்காரர்களால் மட்டும் செய்ய முடிகிற தப்பு இது. ஓர் ஆளை உள்ளறையில் ஒளித்துவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, பந்தியில் அவருக்கும் சேர்த்து இலை போட்டுவைக்கிற புத்திசாலி வேறு எங்கே கிடைப்பாள். ஞானதுரை சாருக்கு போன் செய்தேன், நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்தில் இருந்தார், ஆறாக்கி விட்ரும்மா, அஞ்சு நிமிஷ வேலைதானே என்றார். சார், இப்போ ஏழுன்னு பார்த்தவர் அடுத்த நிமிஷம் ஆறுன்னு பார்த்தா என்ன நினைப்பார் என்று கேட்டேன். அது அவங்க கடை விஷயம்மா, நாம நம்ம வேலையப் பார்ப்போம் என்றார், அதற்குள் யாரிடமோ ரசம் ஊற்றச் சொன்னார்.

ஆறாக்கலாம். ஆறாக்கினால் கண்ணெதிரே ஒன்று மறைந்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும், சாஃப்ட்வேர்காரி அவசரமாக எதையோ மூடுகிறாள் என்றால் மூட வேண்டியது அங்கே இருக்கிறது என்று அர்த்தம். ஏழாகவே விடலாம். விட்டால் நாலு மணிக்கு வரிசை. ஆறு, ஏழு, ஆறு, ஏழு, கீழே கார் முன்னால் போய்ப் பின்னால் வருகிறது, என் புத்தியும் அதே மாதிரி. நடுவில் ஒரு அற்புதமான யோசனை வந்தது, வந்த வேகத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன், புதிதாக ஒரு வரியை நானே எழுதி அவர் கண்ணில் படும்படி உள்ளே போட்டுவிட்டால் என்ன, கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது என்று, அவர் எண்ணினால் ஏழு இருக்கும், கீழேயும் ஏழு இருக்கும், தாமதமாக வந்தது சார், நெட் மெதுவாக இருந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். எழுதவும் ஆரம்பித்தேன். குழாய் ஒழுகுகிறது. எழுதியவர் எண் என்ற இடத்தில் கை நின்றது. யார் எண்ணைப் போடுவது. இருபத்திரண்டு எண்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பிள்ளை காலையில் ஒன்பதரையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாள், நான் ஏதோ ஒன்றைத் தொட்டால் அவர் அவளைக் கூப்பிட்டு நீயா எழுதினாய், எந்தக் குழாய் காட்டு என்பார், அவள் முழிப்பாள், முழித்தவள்தான் அவர் கண்ணுக்கு ஏழாவது. ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தியைப் பிடித்துக் கொடுக்கிற யோசனையை அற்புதம் என்று நினைத்தேனே, எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. அழித்தேன். சேலைப் பிரிவில் எல்லோருக்கும் ஒரே சீருடைதான் இருக்கும், ஒரே ஊதா அல்லது ஒரே பச்சை, தலையில் ஒரே அளவு பூ, தூரத்திலிருந்து பார்த்தால் யார் யாரென்று தெரியாது. பக்கத்தில் வந்து பார்த்தால் தெரியும். ஒவ்வொருத்தியாகப் பக்கத்தில் வந்து பார்ப்பார்கள், அதற்குத்தான் வரிசை.

எனக்கு வரிசை தெரியும். பத்தொன்பது வயதில் திருநெல்வேலியில் ஒரு கடையில் நானும் சேலைதான் விரித்தேன். காலையில் ஐநூறு சேலையை எடுத்து விரித்து, ராத்திரி அதே ஐநூறை மடித்து வைக்கிற வேலை, குதிகால் வலிக்கும், பட்டின் வாசனை தலைமுடியில் ஏறிப் படுக்கையிலும் இருக்கும், அந்த வாசனையை இப்போது நினைத்தாலும் எனக்குத் தூக்கம்தான் வருகிறது, மேல்மாடி விடுதியில் பதினேழு பாய், பக்கத்துப் பாயில் கோமு. கடையில் ஆலோசனைப் பெட்டி என்று ஒன்று இருந்தது, மரப்பெட்டி, பூட்டுப் போட்டது, சாவி மேற்பார்வையாளரிடம் இருந்தது, அதை நாங்கள் யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. இரண்டாம் கவுண்டர் பக்கம் போக நல்ல அகலமான வழி இருந்தது, மேற்பார்வையாளர் அந்த வழியில் வர மாட்டார், நாங்கள் நிற்கிற இடுக்கு வழியாகத்தான் வருவார், கொஞ்சம் தள்ளு என்று சொல்லிக்கொண்டே, தள்ள இடமில்லாத இடத்தில். கோமு ஒரு துண்டுச் சீட்டில் அதை எழுதி அந்தப் பெட்டியில் போட்டாள், எழுதும்போது பேனா கொடுத்தவள் நான். மறுநாள் டீ நேரத்தில் பதினேழு பேரையும் நிறுத்தினார். சத்தம் போடவில்லை, யார் எழுதினது, சொல்லுங்க, நான் கோபப்பட மாட்டேன் என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கோமு நேராகத்தான் நின்றாள், அவள் முகத்தில் ஒன்றும் இல்லை, கல் மாதிரி இருந்தது. என் முன்னால் வந்து நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. கோமுவைப் பார்த்தேன். ஒரு நொடிதான். அவர் என் கண் போன இடத்துக்குத் தன் கண்ணைக் கொண்டுபோனார். அன்று சாயங்காலம் அவள் துணிப்பெட்டியோடு கீழே இறங்கினாள், போகும்போது என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை, குளியலறையில் புதுச் சோப்பு ஒன்று இருக்கிறது, நீயே வைத்துக்கொள் என்றாள். அவள் போய் எட்டு மாதம் நான் அங்கேயே இருந்தேன், சாயங்காலக் கணினி வகுப்புக்குப் பணம் சேர வேண்டியிருந்தது, இடுக்கு வழி எனக்கும் பழகிப்போனது என்று சொல்லிக்கொண்டேன், பழகவில்லை. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எதையும் சொல்லாமலேயே காட்டிக்கொடுக்க முடியும் என்று தெரிந்த ஒருத்திதான் அந்த எண்ணையும் பக்கத்தின் அடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள்.

மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது. எங்களிடம் ஒரு பொத்தான் உண்டு, இவராகப் பார் என்று பெயர், ஒருவர் பெயரைத் தேர்ந்தெடுத்து அதை அழுத்தினால் பக்கம் அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே நமக்கும் தெரியும், நிபந்தனை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்க நான் செய்துவைத்தது. அழுத்தியதும் மேலே மூலையில் என் பெயர் போய் அவர் பெயர் வரும், நல்வரவு மாதவராஜ் என்று. எனக்கு எப்போதும் அந்த நேரத்தில் லேசாகத் தலை சுற்றும், கோயிலில் சாமி வந்தவர்கள் தண்ணீர் கேட்கிற குரல் வேறாக இருக்கும் அல்லவா, அந்த மாதிரி நானும் கொஞ்ச நேரம் வேறு ஆள். மாதவராஜாக ஆறு வரிகளைப் பார்த்தேன், ஆறுக்கும் அவர் மரியாதையாகப் பதில் போட்டிருந்தார், கவனிக்கப்படும், கவனிக்கப்படும், நாளை ஸ்டூல் வந்துவிடும். கீழே ஏழு. மாதவராஜாக அந்த ஏழைப் பார்த்தபோது எனக்கும் அது யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது, நிஜமாகவே, ஒரு அரிப்பு, பொத்தானை அழுத்தி வெளியே வந்தபிறகுதான் அது என்னுடையதில்லை என்று மூச்சு விட்டேன். அப்புறம் நானாகவே அந்தக் கூடத்துக்குள் போனேன், ஆனால் மூன்றே மூன்று கேட்டேன், வரிசை எண், தேதி, நிலை. பெயரைக் கேட்கவில்லை, என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்கவில்லை, கேட்டால் வந்திருக்கும், கேட்கவில்லை. ஒரு வரி வந்தது. தேதி ஒன்பது நாளைக்கு முந்தியது. நிலை, திறக்கப்படவில்லை. ஒன்பது நாள். மதுரைக் குழுவில் ரெஜினா மேடம் இருக்கிறார்கள், தை மாதம் பழைய அம்மா விலகிய பிறகு வந்தவர்கள், கறாரானவர்கள், ஒரு மெயிலுக்கு ஒரு மணி நேரத்தில் பதில் போடுவார்கள், அவர்கள் ஒன்பது நாள் திறக்காமல் இருக்க மாட்டார்கள். இவராகப் பார். நல்வரவு ரெஜினா. பக்கம் வெள்ளையாக வந்தது. குறை எதுவும் இல்லை என்று நடுவில் சாம்பல் எழுத்து. அனுமதிப் பட்டியலைத் திறந்தேன், ரெஜினா மேடத்துக்கு எந்தெந்தக் கிளை என்று நாலு வரி இருக்க வேண்டும், மூன்று இருந்தது, தென்காசி இல்லை, பட்டியலைப் போட்டவர் என்ற இடத்தில் முப்பிடாதி என்று இருந்தது, தேதியும் நேரமும் கூட இருந்தது, சாயங்காலம் ஐந்து ஐம்பத்தெட்டு, வீட்டுக்குப் போகிற அவசரம். பார்க்கக் கூடாதவருக்கு எண்ணைக் கொடுத்துவிட்டு, பார்க்க வேண்டியவருக்கு வெற்றுத் தாளைக் கொடுத்திருக்கிறேன். அவள் எழுதி அனுப்பிவிட்டு ஒன்பது நாளாகக் கைபேசியைத் திறந்து திறந்து பார்த்திருப்பாள். நாலாவது வரியைச் சேர்த்தேன்.

பிறகு எண்ணும் கேள்வியில் நிபந்தனையைத் திரும்பப் போட்டேன், பழையபடி ஆளைப் பார்த்து எண்ணட்டும், பக்கம் மெதுவாகத் திறக்கட்டும், மாதுளை ஜூஸைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன். இன்னும் அதை சர்வரில் ஏற்றவில்லை. ஏற்றினால் ஏழு ஆறாகிவிடும், அதற்கு முன்னால் ஒருவர் ஏழாவதுக்குப் பொறுப்பு ஏற்க வேண்டும், அது அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதானே. இவ்வளவு நேரம் இவள் எண்ணா, அவள் எண்ணா என்று தேடினேனே, எனக்கும் ஒரு எண் இருக்கிறது. மூன்று ஐம்பதுக்கு மாதவராஜை அழைத்தேன். பின்னால் கடையில் நாதஸ்வரம் ஒலிக்கும் சத்தம், யாரோ மாம்பழக் கலரில் காட்டும்மா என்றார்கள். சார், அந்த ஏழாவது நான் எழுதினது என்றேன். "நீங்களா?" ஆமாம் சார், சோதனைக்காக ஒரு வரி போட்டேன், எடுக்க மறந்துவிட்டேன், அதுதான் எண்ணிக்கையில் வந்திருக்கிறது, இப்போதே சரி செய்கிறேன் என்றேன். பொய் சொல்கிறேன் என்று காதுமடல் சுட்டது. அவர் சிரிப்பார், வைத்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "என்ன எழுதியிருந்தீங்க மேடம்?" என்றார், அதே நல்ல குரலில். சோதனை சோதனை என்று எழுதினேன் என்று சொல்லியிருக்க வேண்டும், எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள், அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சேலை விரிக்கிற பொண்ணு எழுதுற மாதிரி எழுதினேன் சார். அகலமா வழி இருந்தும் எங்கள இடிச்சிட்டுத்தான் போறாருன்னு எழுதினேன். பேரு முப்பிடாதின்னு போட்டேன். வயசு பத்தொம்பதுன்னு போட்டேன்." என் குரலே எனக்கு வேறாக இருந்தது, நடுங்கவில்லை. அந்தப் பிள்ளை என்ன எழுதியிருக்கிறாளோ, நான் படிக்கவில்லையே, இதையேதான் எழுதியிருந்தால், ஐயோ, இவருக்கு எதையாவது எடுத்துக் கொடுத்துவிட்டேனா என்று அப்புறம்தான் தோன்றியது. "நம்ம கடைல அப்படியெல்லாம் கிடையாதே மேடம்" என்றார், கொஞ்சம் வேகமாக. தெரியும் சார், சோதனைதானே என்றேன். அழித்துவிடுங்கள் என்றார். உங்கள் லிஸ்டில் இனி வராது சார் என்றேன், அது ஒன்றுதான் நான் சொன்னதில் உண்மை. அவர் போனைச் சரியாக வைக்காமல் திரும்பி யாரிடமோ பேசுவது கேட்டது, வரிசையெல்லாம் வேண்டாம், பிள்ளைகள டீக்கு விட்ரு என்று. நான் சர்வரில் ஏற்றினேன், நல்வரவு மாதவராஜ் என்று ஒருமுறை போய்ப் பார்த்தேன், பக்கம் மெதுவாகத் திறந்தது, மொத்தம் ஆறு என்று இருந்தது.

ரெஜினா மேடம் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். தென்காசிக் கிளையில் உங்களுக்கு ஒரு வரி இருக்கிறது மேடம், இப்போது தெரியும், பக்கத்தைத் திறங்கள் என்றேன். நேற்றுப் பார்த்தேனே, ஒன்றும் இல்லையே என்றார்கள். நேற்று தெரியாது மேடம், உங்கள் அனுமதியில் தென்காசியைச் சேர்க்காமல் விட்டது என் தப்பு என்றேன், மழுப்பவில்லை, மழுப்பத் தெம்பும் இல்லை. விசைப்பலகைச் சத்தம் கேட்டது, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை, படிக்கிறார்கள். கீழே கார் நின்றுபோயிருந்தது, வாத்தியாரும் அந்த அக்காவும் எங்கோ போய்விட்டார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன், திரையில் ஒன்றும் இல்லை என்றாலும் திரும்பித்தான் உட்கார்ந்திருந்தேன். நீண்ட வரி போலிருக்கிறது. ஒருமுறை அவர்கள் மூச்சை இழுப்பது கேட்டது. "முப்பிடாதி, இது ஒம்பது நாளைக்கு முன்னாடி எழுதினதா?" ஆமாம் மேடம். "ஒம்பது நாளா இந்தப் பொண்ணு அதே மாடிக்கா வேலைக்குப் போயிட்டு இருக்கா?" ம் என்றேன். இன்றைக்கே மாதவராஜை அந்த மாடியிலிருந்து எடுத்துவிட்டு மதுரைக்கு வரச் சொல்கிறேன், காலையில் நானே அங்கே போய் நிற்பேன், இதை யாரிடமும் பேசாதே என்று சொல்லிக்கொண்டே போனார்கள். நீ இதைப் படிச்சியா என்று கேட்டார்கள். இல்லை மேடம் என்றேன். படிக்காதே என்றார்கள். "அவ இந்த நேரத்துக்கு எங்கம்மா இருப்பா?" என்று கேட்டார்கள். சுவர்க் கடிகாரத்தில் நாலு ஆறு. "டீ குடிச்சிட்டு இருப்பா மேடம்" என்றேன்.